வட்டாரத்துக்கு ஒருவர் போதாது
(செப்டம்பர் 8, உலக இயன்முறை மருத்துவ நாள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அவைத் தலைவர் அவர்களே, பல பணிகளுக்கிடையே வந்திருக்கும் ஒன்றியப் பெருந்தலைவர் அவர்களே, வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, மண்டபத்தை வாடகையின்றித் தந்த வணிகர் சங்கத்தாரே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கிராமச் செவிலியர்களே, நோயாளிகளைக் கைத்தாங்கலாக அழைத்து வந்திருக்கும் உறவுகளே, அனைவருக்கும் வணக்கம்.

இயன்முறை மருத்துவர், அதாவது பிசியோதெரபிஸ்ட், என்ன படித்தவர், எதற்கெல்லாம் அவரிடம் போகலாம் என்று பேசச் சொன்னார்கள். இயன்முறை மருத்துவத்தின் இளநிலைப் பட்டமான பி.பி.டி. நான்காண்டுப் படிப்பு, அதன்மேல் மருத்துவமனைப் பயிற்சி. முதுநிலைப் பட்டமான எம்.பி.டி. இன்னும் இரண்டாண்டு. அதில் எலும்பு மூட்டு, நரம்பு, இதயம் நுரையீரல், விளையாட்டு, குழந்தைகள் எனப் பிரிவுகள் உண்டு. யாரிடம் போனாலும் பட்டத்தைக் கேளுங்கள். தைலம் தேய்த்து நீவிவிடுவது இந்தப் படிப்பல்ல.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். எங்கள் சிகிச்சை முழுவதும் அதுதான்.

நரம்புப் பிரிவுக்கு வருகிறேன். இது எல்லா ஊரிலும் நடப்பது. பக்கவாதம் வந்த பெரியவர் வீடு திரும்புகிறார். வலக்கை விழுந்துவிட்டது. காலையில் மகன் வந்து, "எந்திரிப்பா" என்று அந்தக் கையையே பிடித்துத் தூக்குவார். பாசம்தான். ஆனால் தோளைப் பிடித்து நிறுத்தும் தசைகள் தளர்ந்திருக்கின்றன. இழுத்த இழுப்பில் கையெலும்பு குழியிலிருந்து கீழே இறங்கும். அப்புறம் தோள்வலி. வலிக்குப் பயந்து பெரியவர் கையைத் தொடவே விடமாட்டார். அதற்குள் சித்தப்பா ரப்பர் பந்தோடு வந்து, "அமுக்குண்ணே, அமுக்கு" என்பார். விரல்கள் மடங்கி இறுகத் தொடங்கிய கையில் அந்த அமுக்கல் இறுக்கத்தையே வளர்க்கும். அந்தக் கைக்கு வேண்டியது விரிக்கும் பயிற்சி.

எப்படி எழுப்புவது? கட்டில் விளிம்பில் உட்கார வையுங்கள். இரு பாதமும் தரையில் பதியட்டும், முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். மூக்கு கால்விரலைத் தாண்டும்வரை அவர் முன்னால் சாயட்டும். நீங்கள் இடுப்பைப் பிடித்துத் தூக்குங்கள். உட்கார்ந்திருக்கும்போது முன்கைக்கு அடியில் தலையணை. படுத்தே இருப்பவரை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள்.

இதை முதல் வாரத்திலேயே யார் சொல்லிக்கொடுப்பது? முதல் மூன்று மாதத்தில்தான் மீட்சி வேகமாக நடக்கும். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கி, இந்தச் சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. மனமார வரவேற்கிறோம். ஆனால் ஒரு வட்டாரம் முழுவதையும் இயன்முறை மருத்துவர் ஒருவரே சுற்றினால், ஒரு வீட்டுக்கு அடுத்த முறை எப்போது வருவார்? அடிமேல் அடி என்றேனே, இரண்டு அடிக்கு இடையே மாதம் ஓடினால் மூட்டு இறுகிவிடும்.

ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரு நிரந்தர இயன்முறை மருத்துவர் பணியிடம் வேண்டும். பெருந்தலைவர் அவர்களே, ஒன்றியக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி அரசுக்கு அனுப்பித் தாருங்கள். மனு எழுதிக் கையோடு கொண்டுவந்திருக்கிறோம்.