தலையணைக்குள் இருந்த தாள்கள்

(ரங்கூனில் ஒரு தமிழ்ச் சபையின் கிறிஸ்துமஸ் கால விழாவில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: ‘கிறிஸ்தவ எழுத்தாளரை உருவாக்குவது விசுவாசமா, பயிற்சியா?’ ‘பயிற்சியே’ அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் ஐயா அவர்களுக்கும், சபையாருக்கும், மழைச்சேறு காயாத செருப்போடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் விடுமுறைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கும் வணக்கம். கரண்ட் இருக்கும்போதே பேசி முடித்துவிடுகிறேன். ஜெனரேட்டருக்கு ஊற்றும் டீசல் சபைக் காசு.

எதிரணித் தலைவர் அண்ணன் எடுத்த எடுப்பிலேயே ஒரு வசனத்தைப் போட்டார். ‘எழுத்து கொல்லுகிறது, ஆவியோ உயிர்ப்பிக்கிறது.’ கைதட்டல் கூரையைத் தூக்கிவிட்டது. என் அம்மாவும் தட்டினார், நான் பார்த்தேன். ஆனால் அண்ணன், பவுல் அங்கே பேசுவது கல்லில் வெட்டிய கட்டளையைப் பற்றி. கவிதை எழுதுகிறவனைப் பற்றியோ, கதையைத் திருத்துகிறவளைப் பற்றியோ இல்லை. அந்த வசனமே நமக்கு ஒரு கடிதத்தில் எழுதப்பட்டுத்தானே வந்து சேர்ந்தது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தலைப்பைக் கொடுத்த அன்று விழாக் குழுவினர் ஒரு நிபந்தனை போட்டார்கள். புத்தகத்தைப் புரட்டிவிட்டு வந்து பேசக்கூடாது, நம் நடுவில் எழுதுகிறவர்களிடம் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வர வேண்டும் என்றார்கள். ஆகவே பாலம் தாண்டி, தன்லின் பக்கம் இருக்கும் ஒரு தாத்தா வீட்டுக்குப் போனேன். நாம் ஞாயிற்றுக்கிழமை பாடும் பாட்டுகளில் நாலைந்து அவர் எழுதியவை. பெயரைச் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

“பாட்டு எப்படி வருகிறது தாத்தா?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு பச்சை அட்டை நோட்டை எடுத்துவந்து என் மடியில் போட்டார். ஓரமெல்லாம் கரையான் தின்ற நோட்டு. ஒரு பாட்டுக்குப் பதினொரு பக்கம். முதல் பக்கத்தில், ‘யோர்தான் பெருகி வந்தாலும்’ என்று ஒரு வரி. அடுத்த பக்கத்தில் ‘யோர்தான்’ மேல் ஒரு கோடு. “ஏன் அடித்தீர்கள்?” என்றேன். “நான் யோர்தானைப் பார்த்தேனா? சின்ன வயசில் ஐராவதியில் நெல் படகு தள்ளியவன். வெள்ளம் என்றால் எனக்கு அதுதான் வெள்ளம்” என்றார்.

பெயரை மாற்றினால் வேலை முடிந்ததா? அங்கேதான் வேலையே ஆரம்பம். யோர்தான் தேமா, இரண்டு அசை. ஐராவதி தேமாங்கனி, மூன்று அசை. ஓர் அசை கூடிவிட்டது, மெட்டு அந்த இடத்தில் நொண்டுகிறது. தாத்தா விரல் கணுக்களில் எண்ணிக் காட்டினார். மூன்று வாரம் தூக்கம் இல்லையாம். கடைசியில் ஒருநாள் சந்தையில் கருவாட்டுக்கு விலை பேசிக்கொண்டிருக்கும்போது கிடைத்ததாம்: ‘ஐராவதி பெருக்கெடுத்தாலும்’. பழைய வரியில் ஏழு அசை, புது வரியிலும் ஏழு அசை. எதிரணியினர் வேண்டுமானால் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம், விரல் இருக்கிறது.

“இதற்காக ஜெபித்தீர்களா?” என்று கேட்டேன். “ஜெபிக்காமலா? ‘ஆண்டவரே, ஒரு அசை கூடுது, என்ன செய்ய?’ என்றுதான் ஜெபித்தேன்” என்றார்.

பார்த்தீர்களா, எதிரணியில் கை தட்டுகிறார்கள், ஜெபித்தார் என்றதும் தங்கள் கட்சி என்று. அவசரப்படாதீர்கள் தங்கைகளே. அசை எண்ணத் தெரியாதவனுக்கு அந்த ஜெபத்தைச் செய்யவே வாய் வராது. எது கூடுகிறது, எது குறைகிறது என்று தெரிந்தவன்தான் அதைக் கேட்க முடியும்.

இப்போது என் கதை. சில வருஷங்களுக்கு முன் கிறிஸ்துமஸ் நாடகம் எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். ராத்திரி முழுக்க முழங்காலில் இருந்துவிட்டு, விடியற்காலையில் நாலு பக்கம் எழுதினேன். கண்ணீரோடு எழுதினேன் என்பதால் அது நன்றாக இருக்கும் என்று நம்பினேன். அதில் மேய்ப்பன் வயல்வெளியில் நின்று, ‘ஆ! என்னே இந்த மகிமைப் பிரகாசம்! பாவ இருளில் மூழ்கிய மாந்தருக்கு இது மீட்பின் விடியலன்றோ!’ என்பான். ஒத்திகை பார்க்க வந்திருந்த ஒரு பெரியவர், பெகு பக்கத்துக் கிராமத்தில் ஆடு வைத்திருந்தவர், வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, “ஏம்மா, இவன் இப்படிப் பேசினா ஆடெல்லாம் பயந்து ஓடிருமே” என்றார்.

அழுகையாக வந்தது. ஆனாலும் அவரிடமே கேட்டேன், ராத்திரியில் திடீரென்று வெளிச்சம் வந்தால் ஆடு மேய்க்கிறவன் முதலில் என்ன செய்வான் என்று. “ஆட்டை எண்ணுவான்” என்றார். நடுவர் ஐயா, என் மேய்ப்பன் அந்த வருஷம் மேடையில் பேசவே இல்லை. வெளிச்சம் வந்தது, நடுங்கிக்கொண்டே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினான். சபையில் சத்தமே இல்லை. முதல் நாலு பக்கம் எழுதினபோது எனக்கு விசுவாசத்தில் ஒரு குறையும் இல்லை. ஆடு மேய்க்கிறவனைத்தான் தெரியாமல் இருந்தது.

எதிரணியில் கடைசியாகப் பேசிய தங்கை, பர்மிய மொழியில் வேதாகமத்தைத் தந்த அமெரிக்க மிஷனரி ஜட்சன் ஐயரைக் கொண்டுவந்தார். நல்லவேளை, நான் கொண்டுவர நினைத்தவரை அவரே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். அதோனிராம் ஜட்சன் 1813-இல் இந்த ரங்கூனில் வந்து இறங்கினார். 1824-இல் ஆங்கிலேயருக்கும் பர்மாவுக்கும் சண்டை மூண்டபோது, அன்றைய தலைநகரான ஆவாவில் அவரைச் சிறையில் போட்டார்கள். பர்மிய மொழியில் அவர் பெயர்த்திருந்த புதிய ஏற்பாட்டுக் கையெழுத்துத் தாள்களை மனைவி ஆன் முதலில் மண்ணில் புதைத்தார். ஈரத்தில் கெட்டுப்போகும் என்று பயந்து, எடுத்து ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்தார். யாரும் ஆசைப்படாதபடி கல்லு மாதிரி ஒரு தலையணை. பிறகு கைதிகளை வேறு இடத்துக்குக் கொண்டுபோன குழப்பத்தில், மேலுறையை உருவிக்கொண்டு உள்ளிருந்த சுருளைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். மவுங் இங் என்ற பர்மிய விசுவாசி, ஐயரின் ஞாபகமாக இருக்கட்டும் என்று அதை எடுத்து வைத்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

‘காத்தது யார்?’ என்று தங்கை கேட்டார். கடவுள்தான், நானும் ஆமென் சொல்கிறேன். ஆனால் அதற்கப்புறம் நடந்ததைத் தங்கை சொல்லாமல் விட்டுவிட்டார். இவ்வளவு அற்புதமாகத் திரும்பி வந்த தாள்களில் ஒரு புள்ளியைக்கூட மாற்றக்கூடாது என்று ஐயர் நினைத்திருக்கலாம் அல்லவா? நம் ஆளாக இருந்தால் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காணிக்கை உண்டியலும் வைத்திருப்போம். அவர் பேனாவை எடுத்துத் திருத்த உட்கார்ந்தார். முழு வேதாகமமும் 1834-இல் முடிந்தது. முடிந்ததும் மறுபடி முதல் பக்கத்திலிருந்து திருத்தினார். அந்தத் திருத்தம் முடிந்த வருஷம் 1840. அற்புதத்தையே திருத்தியவர் அவர்.

ஒரே ஒரு சொல்லைப் பாருங்கள். கடவுளுக்கு என்ன சொல் போடுவது? இங்கே ‘பயா’ என்றால் புத்தரும் பயாதான், ஷ்வேடகோன் கோபுரமும் பயாதான். அதனால் ஆண்டவரின் திருநாமம் வரும் இடங்களில் பர்மிய வேதாகமம் ‘தாவர பயா’ என்கிறது. நிலையான கடவுள், என்றைக்கும் இருப்பவர். நம் பிள்ளைகள் முதல்முறை கேட்டால் மரம் செடி ஞாபகம் வந்து சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அது அதே சொல்தான். நகராமல் நிற்பதால்தான் மரத்துக்கும் தாவரம் என்று பெயர். அந்த ‘தாவர’, பௌத்த நூல்களின் பழைய மொழியான பாலியிலிருந்து வந்த சொல். ஐயர் பர்மிய மொழியோடு நிற்காமல் பாலியும் படித்தவர். படிக்காதவன் கையில் இப்படி ஒரு சொல் தானாக வந்து விழுமா? தமிழிலும் இதே பாடுதான். சர்வேசுரன் என்றார்கள், பராபரன் என்றார்கள், தேவன் என்றார்கள், கடவுள் என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவர் விளக்கெண்ணெய் செலவழித்திருக்கிறார்.

வீரமாமுனிவரை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறேன். 1680-இல் இத்தாலியில் பிறந்தவர். கப்பல் ஏறும்போதே விசுவாசம் கூட வந்தது. தமிழ் வரவில்லையே! இங்கே வந்து அரிச்சுவடியிலிருந்து படித்துத்தான் 3615 பாட்டில் தேம்பாவணி பாடினார். எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை நேர் எதிர்ப்பக்கம். வைணவக் குடும்பத்தில் கம்பனைக் கற்றுத் தேர்ந்த பிறகு 1858-இல் ஞானஸ்நானம் பெற்றார். அவர் பாடிய இரட்சணிய யாத்திரிகம் என்ற காவியம் நூலாக வந்தது 1894-இல். ஞானஸ்நானத்துக்கும் நூலுக்கும் நடுவே முப்பத்தாறு வருஷம் இருக்கிறது, எதிரணியினர் அதற்குக் கணக்குச் சொல்லட்டும்.

வேதத்துக்குள்ளேயே வருகிறேன். லூக்கா சுவிசேஷம் எப்படித் தொடங்குகிறது? ‘திட்டமாய் விசாரித்தறிந்த நானும்’ ஒழுங்காய் எழுதுகிறேன் என்கிறார். கனவில் கண்டேன் என்று சொல்லவில்லை. விசாரித்தேன் என்கிறார்.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது புலம்பல் புத்தகம். எருசலேம் எரிந்து கிடக்கிறது. பசியில் பிள்ளைகள் தெருவில் விழுகிறார்கள். எழுதுகிறவனுக்கு நெஞ்சு வெடிக்கிறது. ஆனால் முதல் நாலு அதிகாரத்தையும் எபிரேயத்தில் பாருங்கள், ஆலெப், பேத் என்று அகர வரிசையில் போகிறது. எபிரேய எழுத்து இருபத்திரண்டு, முதல் அதிகாரத்தில் வசனமும் இருபத்திரண்டு. மூன்றாவதில் எழுத்துக்கு மூன்றாக அறுபத்தாறு. ஊர் எரிகிறபோது எழுத்தை எண்ணிக்கொண்டிருந்தவனுக்கு விசுவாசம் இல்லை என்பீர்களா? அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டுதான் அவனால் அழவே முடிந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் பாட்டி ஒப்பாரி பாடும்போதும் எதுகை தப்பாது. கண்ணீர் ஒரு பக்கம் ஓடும், எதுகை ஒரு பக்கம் ஓடும்.

மணி அடித்துவிட்டார்கள். அரை நிமிஷம், ஐயா.

எதிரணித் தலைவர் அண்ணன் பேச்சைத் தொடங்கும்போது, ‘நான் எதையும் தயாரித்து வரவில்லை, ஆவியானவர் தந்ததைப் பேசுகிறேன்’ என்றார். டீ குடிக்கும்போது நான் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு தாள் இருக்கிறது. நீல மையில் எழுதி, சிவப்பு மையில் அடித்து, ஓரத்தில் பென்சிலால் அம்புக்குறி போட்ட தாள். அதை வாங்கிப் பார்த்துவிட்டு, நடுவர் ஐயா, அப்புறம் தீர்ப்புச் சொல்லுங்கள்.