சட்டத்தில் கான்ஸ்டபிள், பென்ஷனில் குமாஸ்தா

நேயர்களுக்கு வணக்கம். லிஸ் சாவில் ராபர்ட்ஸ், பிரிட்டன் நாடாளுமன்றத்தில் எதிர்வரிசையிலேயே இருந்துவரும் உறுப்பினர். வேல்ஸ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரியின் சார்பில் 2015-இல் தேர்வானார். அந்தக் கட்சியிலிருந்து அங்கே போன முதல் பெண் அவர்தான். சிறை, நன்னடத்தைக் கண்காணிப்பு, நீதிமன்றம் ஆகிய துறைகளின் சங்கங்களோடு சேர்ந்து இயங்கும் பல கட்சிக் குழுவின் இணைத் தலைவராக இருந்தவர். அந்தச் சங்கங்கள் விடாமல் கேட்டுவரும் ஒன்று, சிறைக் காவலரின் ஓய்வு வயது.

1952-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, பணியில் இருக்கும் சிறைக் காவலருக்குக் கான்ஸ்டபிளின் அதிகாரம் முழுவதும் உண்டு என்கிறது. 1994-இல் வந்த இன்னொரு சட்டம், 127-ஆம் பிரிவில், அவர்களை வேலைநிறுத்தத்துக்குத் தூண்டக் கூடாது என்கிறது. சரி, அதிகாரமும் கான்ஸ்டபிளுடையது, கட்டுப்பாடும் அப்படியே. பென்ஷன்?

அங்கேதான் கதை மாறுகிறது. 2011-இல் அரசுப் பணி பென்ஷன்களை ஆராய்ந்த ஹட்டன் பிரபுவின் ஆணையம், சீருடைப் பணி என்று போலீஸ், தீயணைப்பு, ராணுவம் மூன்றையும் தனியாகப் பிரித்து 60 வயது என்றது. சிறைக் காவலர் அதில் இல்லை. 2013-இல் வந்த சட்டமும் அதே பட்டியலை எடுத்துக்கொண்டது. சிறைக் காவலர், மேசை வேலை பார்க்கும் அரசு ஊழியரோடு 'ஆல்ஃபா' என்ற பென்ஷன் திட்டத்தில் சேர்க்கப்பட்டார். அதில் ஓய்வு வயது அரசு முதியோர் பென்ஷன் வயதோடு ஏறும். 1978 ஏப்ரல் 6 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவருக்கு அது 68.

அறுபத்தெட்டு, நேயர்களே! இந்த வேலையில் சேரவே குறிப்பிட்ட தூரத்தை மணியொலிக்கு ஏற்ப முன்னும் பின்னும் ஓடி 5.4 நிலையை எட்ட வேண்டும். கேடயம் பிடித்துக் காட்ட வேண்டும். சேர்ந்த பிறகு, கைகலப்பில் இருபது வயதுக்காரனைப் பிடித்து அடக்க வேண்டும். அறுபத்தேழு வயது முழங்காலோடு.

'முன்னாடியே போகலாமே' என்பார்கள். போகலாம், கணக்கைப் பாருங்கள். ஆல்ஃபாவில் ஆண்டுச் சம்பளத்தில் 2.32 சதவீதம் பென்ஷனாகச் சேரும். 30,000 பவுண்டு வாங்குபவருக்கு ஒரு வருட உழைப்புக்கு 696 பவுண்டு. முன்கூட்டிப் போனால் அத்தனை வருடத்துக்கும் பென்ஷனில் விழும் வெட்டு சாகும்வரை நீடிக்கும். கூடுதல் சந்தா கட்டி வெட்டில்லாமல் வயதைக் குறைத்துக்கொள்ள வழியுண்டு. அதுவும் அதிகபட்சம் மூன்று வருடம், 65-க்குக் கீழே கிடையாது. ஆக, கையிலிருந்து கட்டினாலும் போலீஸ்காரரின் 60 வராது. மீண்டும் சொல்கிறேன், வராது. தழும்பேறிய ஆட்கள் இடையிலேயே விலகினால் கைதிகளின் கூடத்தில் புதியவர்கள்தானே மிஞ்சுவார்கள்? இதை நிதித்துறைக் கணக்கில் எந்தப் பத்தியிலும் பார்க்க முடியாது.

நேரம் முடிகிறதென்று கை காட்டுகிறார்கள். இதே பென்ஷன் வயது ஏற்றத்தில் சிக்கிய, 1950-களில் பிறந்த பெண்களைப் பற்றியும் விரிவாகச் சொல்ல வேண்டியிருந்தது. 1995 சட்டம் அவர்களின் பென்ஷன் வயதை 60-இலிருந்து ஏற்றியது. 2011 சட்டம் அதை இன்னும் வேகப்படுத்தியது. இந்த மாற்றத்தைத் தெரிவித்துத் தனித்தனியாகக் கடிதம் அனுப்புவதில் 28 மாதத் தாமதம் என்று குறைதீர்ப்பாளர் கண்டார். 2024 மார்ச்சில் ஆளுக்கு 1,000 முதல் 2,950 பவுண்டுவரை இழப்பீடு பரிந்துரைத்தார். டிசம்பரில் அரசு தவறுக்கு வருத்தம் தெரிவித்தது, பணம் தர மறுத்தது. தர வேண்டும் என்பதே பிளைட் கம்ரியின் நிலை. வணக்கம்.