விசாரிக்கப் பழக்கும் இடம் நூலகம்

(பள்ளி ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, மாவட்டக் கல்வி அலுவலர் அவர்களே, எனக்குப் பொன்னாடை அணிவித்துப் பெருமைப்படுத்திய தலைமையாசிரியர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகப் பொறுப்பாளர்களே, நடவு வேலையை விட்டுவிட்டு வந்து அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். கல்வி அலுவலர் அவர்கள் வேறொரு கூட்டத்துக்குச் செல்ல வேண்டியிருந்தும் இந்த உரைக்காகவே காத்திருக்கிறார்கள் என்று அறிந்தேன். அந்தப் பெருந்தன்மைக்குத் தனியே நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இணையத்தில் வரும் செய்தியை நம்பலாமா என்று எடைபோட மாணவர்களுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பதே எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. சொன்னவர் யார், அவர் காட்டும் ஆதாரம் என்ன, மற்றவர்கள் அதைப்பற்றி என்ன சொல்கிறார்கள் என்னும் மூன்று கேள்விகளை விளக்கலாம் என்று எண்ணி வந்தேன். "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று நம் பாட்டிமார் சொன்னதற்குள் இம்மூன்றும் அடங்கியிருக்கின்றன.

2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில், கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டி, பிள்ளை பிடிப்பவர் என்ற சந்தேகத்தில் ஊராரால் அடித்துக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு வாட்ஸ்அப்பில் நாடெங்கும் சுற்றிய கடத்தல் காணொளிகளுள் ஒன்று, பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுக்கப்பட்ட படம். தூக்கிச் சென்ற குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விடும் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் கண்ணால்தான் கண்டார்கள்.

நான் தலைமையாசிரியராக இருந்தபோது நடந்ததை உங்களிடம் சொல்லியாக வேண்டும். நம் நாட்டுப்பண்ணை உலகிலேயே சிறந்ததாக யுனெஸ்கோ தேர்ந்தெடுத்துவிட்டது என்று ஒரு செய்தி என் கைப்பேசிக்கு வந்தது. உள்ளம் பூரித்து, மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்திலேயே அதை வாசித்தேன். பிள்ளைகள் அத்தனை பேரும் கைதட்டினார்கள். முதல் இடைவேளையில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி என் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் நூலால் தைத்த பொது அறிவுக் குறிப்பேடு. செய்தியை எழுதி, அதன் எதிரே ஓர் இடம் விட்டிருந்தாள். "ஐயா, எந்தத் தேதியில அறிவிச்சாங்க? தேதி போடாம எழுதக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள். என்னிடம் விடை இல்லை. பழைய நாளிதழ்களில் பார்க்கலாம் என்று இருவரும் நூலக அறைக்குப் போனோம். அலமாரி பூட்டியிருந்தது, நூலகர் பணியிடம் காலியாகிப் பல ஆண்டுகள் ஆனதால் சாவி யாரிடம் இருக்கிறதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. காவலர் கல்லால் தட்டிப் பூட்டைத் திறந்தார். இரண்டு நாள் தேடியும் எந்த நாளிதழிலும் அச்செய்தி இல்லை, யுனெஸ்கோவின் இணையதளத்திலும் இல்லை. அந்த அமைப்பு அப்படியொரு தேர்வையே நடத்தியதில்லை. மூன்றாம் நாள் அதே வழிபாட்டுக் கூட்டத்தில், நான் வாசித்தது தவறு என்று அறிவித்தேன். அதைக் கண்டுபிடித்தவள் அந்த மாணவிதான் என்றும் சொன்னேன்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 45 பேரை இணையதளங்களை மதிப்பிடச் சொல்லிப் பார்த்தார்கள். வரலாற்று அறிஞர்களிலும் பலர் ஒரே பக்கத்தை மேலும் கீழும் படித்து ஏமாந்தார்கள். செய்தி சரிபார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவர்களோ உடனே அப்பக்கத்தை விட்டு வெளியேறி, அதை நடத்துபவர் யாரென்று வேறிடங்களில் தேடினார்கள். தீர விசாரிப்பது என்பது இதுதான்.

வேறிடத்தில் தேடும் அந்தப் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்கு எங்கே கற்றுக்கொடுப்பது? சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதனை இந்திய நூலக இயலுக்குத் தந்த மண் இது. 1948இல் சுதந்திர இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் நிறைவேறிய மாநிலம் இது. அப்படியிருக்க, நூலகப் பாடவேளை அட்டவணையில் மட்டும் இருந்து, கணக்குப் பாடத்துக்குக் கடனாகப் போவதை நான் பல பள்ளிகளில் கண்டு வருந்தியிருக்கிறேன். ஒரே செய்தியை இரண்டு நாளிதழ்களில் ஒப்பிட்டுப் படிக்க வாரத்துக்கு ஒரு பாடவேளையும், அதை நடத்த முழுநேர நூலகர் ஒருவரும் ஒவ்வொரு பள்ளிக்கும் வேண்டும்.

இக்கோரிக்கை மனு வாசலருகே உள்ள மேசையில் வைக்கப்பட்டிருக்கிறது. பெற்றோர்கள் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டால், கல்வி அலுவலர் அவர்கள் புறப்படுவதற்குள் அவர்கள் கையிலேயே ஒப்படைத்துவிடலாம். நன்றி, வணக்கம்.