கைக்கு ஏற்ற பெட்டி

வணக்கம் நேயர்களே. கடைகளில் காசு போட்டு ஆடிய வீடியோ விளையாட்டு இயந்திரத்தைப் போன்ற ஆர்கேட் பெட்டியை வீட்டிலேயே செய்வது பற்றி இன்று பேசப் போகிறேன்.

1979இல் அட்டாரி நிறுவனம் ஆஸ்ட்ராய்ட்ஸ் என்றொரு வீடியோ விளையாட்டை வெளியிட்டது. விண்வெளியில் பாறைகள் மிதந்து வரும். நம் கப்பல் அவற்றைச் சுட்டுத் தூளாக்க வேண்டும். அந்த இயந்திரத்தில் திசைக்கேற்பச் சாய்க்கும் ஸ்டிக்கே கிடையாது, ஐந்து பட்டன்கள்தான். இடப்பக்கம் திரும்ப ஒன்று, வலப்பக்கம் திரும்ப ஒன்று, முன்னே உந்த ஒன்று, சுட ஒன்று, ஆபத்து நெருங்கினால் மறைந்து வேறிடத்தில் தோன்ற ஒன்று. அடுத்த ஆண்டு நாம்கோ கொண்டுவந்த பேக்-மேன் இதற்கு நேர்மாறு. ஒரே ஒரு ஸ்டிக், சுடுவதற்கு எதுவும் இல்லை. 1981இல் டோனா பெய்லியும் எட் லாகும் உருவாக்கிய சென்டிபீட் வந்தது. அதில் உள்ளங்கையால் உருட்டும் பந்து. அதே ஆண்டு வந்த டெம்பெஸ்ட்டில் விரல்களால் சுழற்றும் குமிழ்.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் கற்பிக்கும் ஆசிரியை. வீட்டிலேயே ஆர்கேட் பெட்டி செய்ய ஆசைப்படுகிறேன் என்று மாணவர்களும் பெற்றோரும் வந்து கேட்கிறார்கள். எந்தச் சின்னக் கணினி வாங்கலாம், எத்தனை விளையாட்டு ஏற்றலாம் என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: யார் விளையாடப் போகிறார்கள், அவர்களுடைய முழங்கை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது?

அந்தப் பழைய விளையாட்டுகளைக் கையிலிருந்து பிரித்து யோசிக்க முடியாது. டெம்பெஸ்ட்டை விசைப்பலகையில் ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், திரையில் படம் அதேதான், ஆனால் விளையாட்டு வேறு. குமிழை ஒரு சுண்டு சுண்டினால் விளிம்பைச் சுற்றிப் பறக்கும் வேகம் அம்புக்குறி விசையில் வரவே வராது. ஆகவே பெட்டி என்பது திரையைத் தாங்கும் அலமாரி மட்டும் இல்லை. ஸ்டிக்கும் பட்டனும் பதிந்திருக்கும் அந்தக் கட்டுப்பாட்டுப் பலகைதான் பெட்டியின் உயிர். மற்றதெல்லாம் அதைச் சரியான இடத்தில் நிறுத்தி வைப்பதற்காக இருக்கிறது.

பிறகு வந்த காலத்தில் இந்தப் பலகை ஓரளவு ஒரே மாதிரி ஆனது. 1985இல் ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் ஜாமா என்ற பொதுவான இணைப்பு முறையைக் கொண்டுவந்தார்கள். பழைய விளையாட்டின் மின்பலகையைக் கழற்றிவிட்டுப் புதியதை அதே பெட்டியில் செருகலாம் என்பதால் கடைக்காரர்களுக்குப் பெரிய மிச்சம். 1991இல் கேப்காமின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்தபோது அந்த முறையும் போதவில்லை. மூன்று குத்து, மூன்று உதை என ஆளுக்கு ஆறு பட்டன்கள் வேண்டியிருந்தன. உதைகளுக்காகத் தனியே ஒரு கம்பிக் கொத்து சேர்த்தார்கள். இன்று வீட்டில் செய்கிறவர்கள் ஆளுக்கு ஒரு ஸ்டிக், ஆறு பட்டன் என்று வைப்பதற்கு அந்த ஒரு விளையாட்டுதான் முக்கியக் காரணம்.

சரி, செய்முறைக்கு வருவோம். நானும் என் அக்கா மகனும் சேர்ந்து செய்த பெட்டியை வைத்தே சொல்கிறேன். அவனுக்கு இப்போது தொடக்கப்பள்ளி ஐந்தாம் வகுப்பு.

மரத்தைத் தொடுவதற்கு முன்னால் அட்டைப் பெட்டி. குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் விற்கும் கடைகளில் கேட்டால் பெரிய அட்டைப் பெட்டிகளைச் சந்தோஷமாகக் கொடுத்துவிடுவார்கள். பெட்டியின் பக்கவாட்டு வடிவத்தை முழு அளவில் அட்டையில் வெட்டி, ஒட்டி, நிற்க வைத்து, அதன் முன்னால் வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் நிற்கச் சொல்லுங்கள். நின்று ஆடும் பெட்டிக்குப் பலகையின் உயரம் பெரியவர்களுக்கு 90 முதல் 100 சென்டிமீட்டர் என்பது வழக்கம், அதாவது முழங்கைக்குச் சற்றுக் கீழே. எங்கள் வீட்டில் அவன் பாட்டியும் ஆடுவார், அதுவும் உட்கார்ந்துதான் ஆடுவார். அட்டையின் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்து, "இவ்ளோ உசரத்துல இருந்தா என் தோளு வலிக்கும்" என்று சொல்லிவிட்டார். அதனால் எங்களுடையது மேசைமேல் வைக்கும் சின்னப் பெட்டி ஆனது. மேசைக்கு நாற்காலி போட்டால் பாட்டி, பெட்டிக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்தினால் நின்றபடி நாங்கள். நாலறை வீட்டின் வரவேற்பறைக்கும் அதுதான் பொருத்தம்.

பட்டன்களை எப்படி வரிசைப்படுத்துவது என்பதில் நான் மிகவும் பிடிவாதமாக இருப்பேன். உங்கள் கையை மேசைமேல் இயல்பாக வைத்துப் பாருங்கள். ஆள்காட்டி விரல் நுனியைவிட நடுவிரல் நுனி மேலே இருக்கிறது, மோதிர விரல் சற்று இறங்குகிறது. பட்டன்களும் அதே வளைவில் வர வேண்டும். நேர்க்கோட்டில் அடுக்கினால் பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆனால் கொஞ்ச நேரம் ஆடினால் மணிக்கட்டு திருகிக்கொள்ளும். காகிதத்தில் விரல்களை மை தொட்டு வைத்து, அந்தப் புள்ளிகளை மையமாக வைத்து வட்டம் வரையுங்கள். சான்வா, செய்மிட்சு போன்ற ஜப்பானியப் பட்டன்களுக்கு 30 மில்லிமீட்டர் துளை, தொடங்கும் பட்டனுக்கு 24 மில்லிமீட்டர். இரண்டு பேர் ஆடுவதானால் இருவருடைய தோளும் இடிக்காத அகலம் வேண்டும். அதையும் அட்டையில் இருவர் நின்று பார்த்தே முடிவு செய்ய முடியும்.

ஸ்டிக்கின் அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். தண்டு எந்தத் திசைகளில் சாயலாம் என்பதை அதுதான் கட்டுப்படுத்துகிறது. பேக்-மேன், டாங்கி காங் போன்றவை 4 திசைக்காகவே செய்யப்பட்டவை. 8 திசை ஸ்டிக்கில் பேக்-மேன் ஆடினால், திருப்பத்தில் கை சற்றே மூலைவிட்டமாகப் போய்விடும், பேக்-மேன் திரும்பாமல் சுவரில் நின்றுவிடும், பின்னால் வரும் பேய் பிடித்துவிடும். ஆட்டக்காரர் தனக்கு ஆடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வார். உண்மையில் தட்டுதான் பொருந்தவில்லை. சில ஸ்டிக்குகளில் அந்தத் தட்டையே மாற்றிப் பொருத்தி 4 திசைக்கு ஆக்கிக்கொள்ளலாம். வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.

பாகங்கள் எங்கே கிடைக்கும் என்றால், ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவருக்கு ஒருமுறை போய் வாருங்கள். பக்கத்தில் இருக்கும் சிம் லிம் ஸ்குவேரை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது கணினிக்குப் பேர்போன இடம். டவரில் கம்பி, சுவிட்ச், இணைப்பி என்று சில்லறைப் பொருள்களாகவே கடைகள். தேக்காவிலிருந்து நடந்தே போய்விடலாம். அக்கா மகன் அங்கே ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியின் முன்னாலும் நின்றுவிட்டான். ஒரு சுவிட்சைக் கையில் வாங்கி, அழுத்தி, அதன் சத்தத்தைக் கேட்டு, இது வேண்டும் இது வேண்டாம் என்று தேர்ந்தெடுப்பது பிள்ளைகளுக்கு நல்ல பயிற்சி.

அடுத்து மரம். எம்டிஎஃப் என்பது மர நார்களைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் பலகை எட்டடிக்கு நாலடி, ஒரு முழுப் பலகை ஏறத்தாழ 40 கிலோ எடை. அதைப் புளோக்கின் மின்தூக்கியில் ஏற்றப் பார்க்காதீர்கள். அளவைக் கொடுத்துக் கடையிலேயே வெட்டி வாங்கிவிடுங்கள். இன்னொரு காரணமும் உண்டு. எம்டிஎஃப் அறுக்கும்போது எழும் தூள் மாவைவிட நைசானது, அதில் பசையும் கலந்திருக்கிறது. மூடிய வீட்டுக்குள் அது நுரையீரலுக்கு நல்லதில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதைக்கூட முகக்கவசம் அணிந்துதான் செய்ய வேண்டும். சத்தத்தையும் நினைக்க வேண்டும். வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறை நாளிலும் புதுப்பிப்பு வேலை கூடாது என்பது விதி. பெட்டி செய்வது புதுப்பிப்பு ஆகாதுதான். ஆனாலும் டிரில்லின் சத்தம் மேல்வீட்டுக் குழந்தைக்கு ஒன்றுதானே. நாங்கள் துளையிடும் வேலை எல்லாவற்றையும் சனிக்கிழமைப் பகலில் வைத்துக்கொண்டோம்.

நம் ஊர் ஈரப்பதம் எம்டிஎஃபுக்குப் பெரிய எதிரி. பலகையின் முகம் தாங்கும், வெட்டிய ஓரம் தாங்காது, தண்ணீரை உறிஞ்சி உப்பிவிடும். மரப்பசையைத் தண்ணீரில் கரைத்து ஓரங்களில் பூசி, காயவிட்டு, தேய்த்து, அப்புறம் பிரைமர் அடியுங்கள். நிற்கும் பெட்டி செய்கிறவர்கள் அடியில் ரப்பர் கால் அல்லது சக்கரம் வைத்தே ஆக வேண்டும். தினமும் தரையைத் துடைக்கும் வீடுகளில் கீழ் ஓரம்தான் முதலில் கெடும். செலவு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை என்றால் பிளைவுட் நல்லது, எடையும் குறைவு.

ஒரு சின்ன விஷயம், ஆனால் பலர் கவனிக்காதது. 18 மில்லிமீட்டர் பலகையில் ஜப்பானிய ஸ்டிக்கை அப்படியே பொருத்தினால் தண்டு மேலே குட்டையாக நிற்கும். பட்டன்களின் பிடியும் அத்தனை தடிப்பைக் கவ்வாது. எனவே கட்டுப்பாட்டுப் பலகைக்கு மட்டும் மெல்லிய பலகையோ உலோகத் தகடோ போடுங்கள். இல்லையென்றால் ஸ்டிக் உட்காரும் இடத்தை அடியிலிருந்து ரௌட்டர் என்ற மரம் குடையும் கருவியால் குடைந்துகொள்ளுங்கள்.

திரைக்கு, அலுவலகங்கள் கழித்துவிடும் 19 அங்குலச் சதுர எல்சிடி திரைகள் போதும். அவற்றின் வடிவம் பழைய விளையாட்டுகளின் 4:3 படத்துக்கு நெருக்கமானது. பேக்-மேன் மட்டுமே ஆசை என்றால் திரையை நிமிர்த்தி நெடுவாக்கில் வையுங்கள். அதன் மூலப் படமே 224 புள்ளி அகலம், 288 புள்ளி உயரம். பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியில்தான் படம் அழகு என்று சொல்கிறவர்களை நான் மறுக்கவில்லை, உண்மைதான். ஆனால் மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அந்தக் குழாயில் பல ஆயிரம் வோல்ட் தேங்கி நிற்கக்கூடும். பயிற்சி இல்லாதவர்கள் அதைத் திறக்கவே கூடாது.

கம்பி இணைப்புதான் பிள்ளைகளிடம் முழுதாக விட்டுவிடக்கூடிய வேலை. ஒவ்வொரு பட்டனுக்கும் இரண்டு முனைகள். ஒரு முனை, பட்டன் அழுத்தப்பட்டதைக் கணினிக்குச் சொல்லும் யுஎஸ்பி சிறுபலகையில் தனக்குரிய இடத்துக்குத் தனியாகப் போகும். மற்ற முனைகள் எல்லாவற்றையும் பூத் தொடுப்பதுபோல ஒரே கம்பியில் கோத்துக்கொண்டே போய்ப் பொது முனையில் சேர்க்கலாம். பற்றவைக்கத் தேவையில்லை, செருகு முனைகளே கிடைக்கின்றன. சான்வா பட்டனுக்கு 2.8 மில்லிமீட்டர், அமெரிக்க வகைச் சுவிட்சுக்கு 4.8 மில்லிமீட்டர். இங்கே ஓடுவது 5 வோல்ட்டோ அதற்கும் குறைவோதான், கை பட்டாலும் ஒன்றும் ஆகாது. அக்கா மகன் ஒவ்வொரு கம்பிக்கும் ஒட்டுத்தாளில் தமிழிலேயே பெயர் எழுதி ஒட்டினான்: குத்து ஒன்று, குத்து இரண்டு, உதை ஒன்று. பழுது பார்க்கும்போது இது எவ்வளவு உதவியாக இருக்கிறது தெரியுமா!

230 வோல்ட் பக்கம் மட்டும் பெரியவர்களின் பொறுப்பு. பாதுகாப்புச் சின்னம் உள்ள ஆயத்த நீட்டிப்புப் பலகையைப் பெட்டிக்குள் வைத்து, திரையையும் கணினியையும் அவற்றின் சொந்தச் செருகிகளோடு அதில் மாட்டுங்கள். மெயின் கம்பியை வெட்டி ஒட்டும் வேலையே வேண்டாம். பின்பலகையில் கீழேயும் மேலேயும் காற்றுத் துளைகள் விட மறக்காதீர்கள்.

விளையாட்டுகள் விஷயத்தில் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். 1997இல் இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா தொடங்கிய மேம், பழைய ஆர்கேட் விளையாட்டுகளைக் கணினியில் ஓட வைக்கும் மென்பொருள்; பழைய இயந்திரங்களின் உள்ளமைப்பை அழியாமல் காப்பாற்றி வைக்கும் அருமையான முயற்சி. அது திறந்த மூல மென்பொருள். ஆனால் அதில் ஓடும் விளையாட்டுகளுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். இணையத்திலிருந்து மூட்டையாக இறக்கிக்கொள்வதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன், என் மாணவர்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். ராபி ரோட்டோ, கிரிட்லீ போன்ற சிலவற்றை வணிக நோக்கில்லாமல் ஆட உரிமையாளர்களே அனுமதித்திருக்கிறார்கள். பல பழைய விளையாட்டுகளின் தொகுப்புகளை இன்று முறையாகவே வாங்கலாம். இன்னொரு வழியும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது: நீங்களே எழுதுங்கள். அக்கா மகன் பள்ளியில் கற்ற ஸ்கிராட்ச் என்ற பிள்ளைகளுக்கான நிரல்மொழியில் ஒன்று எழுதியிருக்கிறான். மேலிருந்து உயிர்மெய் எழுத்துகள் விழும், ஸ்டிக்கை நகர்த்தி அவற்றைப் பிடித்து ஒரு சொல்லாக்க வேண்டும். பாட்டிதான் இதுவரை அதில் முதலிடம்.

எங்கள் கட்டுப்பாட்டுப் பலகை இரண்டு கொக்கிகளாலும் ஒரே ஒரு யுஎஸ்பி கம்பியாலும்தான் பெட்டியோடு இணைந்திருக்கிறது. கழற்றி வேறொன்றை மாட்டலாம். ஜூன் விடுமுறையில் உருட்டும் பந்து வைத்த பலகை ஒன்று செய்யப் போகிறோம். பந்துகள் 2¼ அங்குலம், 3 அங்குலம் என இரண்டு அளவில் கிடைக்கின்றன. அக்கா மகனுக்குப் பெரியது வேண்டுமாம், பாட்டியின் கைக்குச் சின்னதுதான் சரி. அட்டையில் துளை போட்டு இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம்.

நன்றி, வணக்கம்.