அம்மாவின் கொப்பி

வணக்கம் உறவுகளே. ரெண்டு மாதமாக ஏன் வீடியோ இல்லை என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். அம்மா போய்விட்டார். மார்பகப் புற்றுநோய். கருமாதிக்கு வந்த சொந்தங்கள் எல்லாம் கிளம்பிப் போய், வீடு ஓய்ந்த பிறகு இன்றைக்குத்தான் கேமராவைக் கையில் எடுக்கிறேன். இடையில் அழுதுவிட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் வரிசை வீட்டு இஸ்தோப்பில்தான், அதாவது முன் திண்ணையில்தான், உட்கார்ந்திருக்கிறேன். ஹப்புத்தளைப் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியும்தானே, தகரத்தில் விழுகிற சத்தம் கேட்கும்.

இதுதான் அம்மாவின் கொப்பி. அட்டை கிழிந்து பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறது, ஓரமெல்லாம் கொழுந்துக் கறை பிடித்த விரல் அடையாளம். உள்ளே பாருங்கள்: “மேல் லயம், மூணாம் காம்பரா, 12ஆம் திகதி, ஸ்கேன், காலையில் ஒண்ணும் சாப்பிடக் கூடாது.” காம்பரா என்றால் லயத்தில் ஒரு வீடு. பக்கம் பக்கமாக இப்படித்தான். எல்லாம் அடுத்தவர்களுடைய திகதி, அம்மாவுடையது நடுவில் எங்கோ ஒரு வரி.

அம்மா சின்ன வயதில் கொழும்பில் வீட்டு வேலைக்குப் போனவர், அதனால் சிங்களம் நன்றாக வரும். நோய் வந்த பிறகு இரவுத் தபால் ரயிலில் ஏறி, விடியற்காலை கோட்டையில் இறங்கி, 138 பஸ் பிடித்து மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போவோம். அங்கே வரிசையில் மஸ்கெலியாவிலிருந்து வந்த ஓர் அக்கா, டாக்டர் சிங்களத்தில் சொன்னது பாதி விளங்காமல், துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தார். அம்மா அதை வாங்கி வாசித்து, திரும்ப உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கேட்டுச் சொன்னார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தக் கொப்பி. மருந்து ஏற்றின மறுநாள் வாயெல்லாம் புண்ணாகிக் கஞ்சி கூட இறங்காது, அப்போதும் போன் அடித்தால் எழும்பி உட்கார்ந்து பேசுவார். “பயப்படாத தங்கச்சி, நான் வர்றேன்” என்பார், நடக்கவே முடியாத நாளிலும்.

அதற்கு முன்பும் அப்படித்தான். 2014 ஒக்டோபர் 29, மீரியபெத்தை மண்சரிவு. பாடசாலையில் தங்கவைத்த சனங்களுக்குச் சமைக்க வேலையை விட்டுவிட்டுப் போனவர், நாலு நாள் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தார்.

ஒரு விஷயத்தை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும், அம்மாவே எல்லாரிடமும் சொன்னதுதான். கட்டி தட்டுப்பட்டு ஏழு மாதம் காட்டவில்லை. கூடை தூக்கினதில் சதை பிடித்திருக்கும், வலிக்கவில்லையே என்று இருந்துவிட்டார். கிளினிக் போனால் அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது அந்த நாள் சம்பளம் இல்லை, அதுவும் ஒரு காரணம். அக்காமாரே, மார்பில் வருகிற கட்டி அநேகமாக வலிக்காது. நம் நாட்டில் பெண்களுக்கு அதிகமாக வருகிற புற்றுநோயும் இதுதான். 35 வயதானவர்களுக்கு, பெண்களுக்கென்று அரசாங்கம் நடத்துகிற சுவநாரி கிளினிக்கில் மார்பையும் பார்ப்பார்கள், கர்ப்பப்பை வாயையும் பார்ப்பார்கள், காசு இல்லை, 1996இலிருந்து நடக்கிறது. அம்மா ஒவ்வொரு காம்பராவாக ஏறி இறங்கி, “வலிக்கலன்னாலும் போய்க் காட்டு” என்று கெஞ்சுவார். சிலர் கதவையே திறக்க மாட்டார்கள், அடுத்த வாரம் மறுபடியும் போய் நிற்பார்.

நேற்று அம்மாவின் போன் அடித்தது. “அக்கா இருக்காங்களா?” என்று ஒரு குரல். சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “அப்ப நான் யாரோட போறது?” என்றார்.

கொப்பியைப் புரட்டினேன், அவர் பேர் இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு ரயிலில் அவரோடு நான் போகிறேன். என் சிங்களம் அம்மாவுடையது அளவுக்கு வராது. மஹரகம பக்கம் இருக்கிற, ரெண்டு பாஷையும் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். அடுத்த மாதத்துக்கு இன்னும் நாலு திகதி எழுதி வைத்திருக்கிறார்.