வேலை இங்கே, குடித்தனம் அங்கே

நேயர்களுக்கு என் வணக்கம்.

பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்யப் பழகிய கணினித் துறை ஊழியர்களில் சிலர், அந்த வேலையை விடாமலேயே குடும்பத்தோடு வேறொரு நாட்டில் நிரந்தரமாகக் குடியேற முடியுமா என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். வரிக் கணக்குகளைக் கவனிப்பது என் தொழில் என்பதால் இந்தக் கேள்வி என்னிடமும் அடிக்கடி வருகிறது. முடியும் என்பதே பதில். ஆனால் விசா ஒன்றையே நினைத்துக்கொண்டு கிளம்பியவர்கள் பின்னர் படும் அவதியைப் பார்த்திருப்பதால், விசாவுக்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டியதைப் பற்றித்தான் இன்று அதிகம் பேசப் போகிறேன். சென்னை நிறுவனம் ஒன்றில் பணியாற்றிக்கொண்டே போர்த்துகலில் குடியேற விரும்பும் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

வேலையைக் கையோடு கொண்டுவருகிறவர்களுக்கென்று தனி விசா தரும் நாடுகள் இன்று பல. அவற்றுள் பெரும்பாலானவை தற்காலிகமானவை. 2020 இலேயே இத்தகைய விசாவைத் தொடங்கிய எஸ்டோனியா கொடுப்பது ஓராண்டு அனுமதிதான். அதைக் கொண்டு அங்கே நிலையாகத் தங்கிவிட முடியாது. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து வேரூன்ற நினைப்பவர்களுக்கு அது பயன்படாது. போர்த்துகல் 2022 அக்டோபர் 30 முதல் வழங்கிவரும் டி8 விசா அப்படிப்பட்டதன்று. அது வசிப்பிட அனுமதியாக மாறி, 5 ஆண்டுகள் கழிந்தபின் நிரந்தர வசிப்பிட உரிமை கேட்க வழிவிடுகிறது. அதைப் பெற, அந்நாட்டுக் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தைப் போல் நான்கு மடங்கு வருமானம் வேண்டும். 2025 இல் குறைந்தபட்சச் சம்பளம் 870 யூரோவாக இருந்தது. அதன்படி விண்ணப்பதாரருக்கு மாதம் 3,480 யூரோ, நம் பணத்தில் மூன்று லட்சம் ரூபாய்க்கும் மேல், வர வேண்டும். ரூபாயில் வாங்கும் சம்பளத்தைக் கொண்டு யூரோவில் வாடகை கட்டுவது எத்தகைய பாரம் என்பதை இந்த ஒரு கணக்கே காட்டிவிடும்.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். நிறுவனம் சென்னையில் இருக்கிறது, சம்பளமும் சென்னை வங்கிக் கணக்கில்தான் வரவாகிறது, ஆகவே வேலையும் சென்னையில்தான் நடக்கிறது என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. ஊழியர் எந்த நாட்டில் உட்கார்ந்து வேலை செய்கிறாரோ அந்த நாட்டில்தான் வேலை நடக்கிறது என்று அது கொள்கிறது. பன்னிரண்டு மாதங்களில் 183 நாட்களுக்கு மேல் தங்கினாலோ, நிலையாக வாழும் எண்ணத்தோடு வீடு வைத்திருந்தாலோ, போர்த்துகல் அவரைத் தன் வரிச் சட்டத்துக்கு உட்பட்டு வசிப்பவராக எடுத்துக்கொண்டு, உலகில் எங்கிருந்து வரும் வருமானத்துக்கும் கணக்குக் கேட்கும். ஒரே சம்பளத்துக்கு இரண்டு நாடுகளும் வரி வாங்காதபடி இந்தியாவுக்கும் போர்த்துகலுக்கும் இடையே ஒப்பந்தம் இருக்கிறது என்றாலும், உரிய சான்றிதழ்களைக் கொடுத்துக் கேட்பவருக்கே அதன் சலுகை கிடைக்கும். புதிதாகக் குடியேறுவோருக்குப் பத்தாண்டுகள் 20 சதவீத வரி போதும் என்று இன்னமும் சொல்லப்படுவதை நம்பிவிடாதீர்கள். அந்தப் பழைய திட்டம் புதியவர்களுக்கு மூடப்பட்டுவிட்டது, அதன் இடத்தில் வந்த சலுகை ஆராய்ச்சி போன்ற சில துறையினருக்கு மட்டுமே உரியது.

வரியைவிடச் சிக்கலானது சமூகப் பாதுகாப்பு நிதி. போர்த்துகலில் ஊழியர் தம் சம்பளத்தில் 11 சதவீதமும் முதலாளி 23.75 சதவீதமும் அதற்குச் செலுத்த வேண்டும். 2017 முதல் நடைமுறையில் உள்ள இந்திய–போர்த்துகல் உடன்பாட்டின்படி, இங்கே வருங்கால வைப்புநிதி கட்டுகிறவருக்கு அங்கே விலக்குக் கிடைக்குமே என்று சிலர் கேட்பார்கள். அந்த விலக்கு, நிறுவனம் சிறிது காலத்துக்கு அனுப்பிவைக்கும் ஊழியருக்கானது. தாமாக விரும்பி நிரந்தரமாகக் குடியேறுகிறவர் அதை நம்பித் திட்டமிடக் கூடாது. அப்படியானால் சென்னை நிறுவனம் போர்த்துகலில் பதிவு செய்துகொண்டு அந்த 23.75 சதவீதத்தைக் கட்ட முன்வர வேண்டும். ஊழியர் வாடிக்கையாளர்களோடு ஒப்பந்தம் பேசும் பொறுப்பில் இருந்தால், அவர் இருக்கும் இடத்தையே நிறுவனத்தின் கிளையாகக் கருதி, நிறுவனத்தின் லாபத்துக்கும் அந்நாடு வரி கேட்கக்கூடும். மேலாளர் வாய்மொழியாகச் சரி என்று சொன்னதை மனிதவளத் துறை பிறகு மறுப்பதற்கு இவையே காரணம். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆகவே எழுத்துப்பூர்வமான அனுமதிக் கடிதம் கைக்கு வருமுன் வீட்டைக் காலி செய்யாதீர்கள், பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழை வாங்காதீர்கள். எந்த நாட்டிலிருந்து வேலை செய்யலாம், சம்பளம் எந்தப் பணத்தில், இரு நாட்டு வரியையும் நிதியையும் யார் கட்டுவது, வேலை நேரம் எது, எத்தனை மாத முன்னறிவிப்போடு இந்த ஏற்பாட்டை நிறுத்தலாம் என்பவை அதில் தெளிவாக இருக்க வேண்டும். பதவி விலகி ஒப்பந்தக்காரராக வேலையைத் தொடருங்கள் என்று நிறுவனம் சொல்வதும் உண்டு. அதை ஏற்கலாம், ஆனால் வைப்புநிதியும் பணிக்கொடையும் சம்பளத்தோடு கூடிய விடுப்பும் அத்தோடு போய்விடும் என்பதால், பேசும் தொகை பழைய சம்பளத்தைவிட நன்றாகவே கூடியிருக்க வேண்டும்.

வேலை நேரம் என்று சொன்னேன். குளிர்காலத்தில் லிஸ்பன் நம்மைவிட ஐந்தரை மணி நேரமும் கோடையில் நாலரை மணி நேரமும் பின்தங்கியிருக்கிறது. சென்னையில் காலை 10 மணிக் கூட்டம் அங்கே டிசம்பரில் விடியற்காலை நாலரை மணி. பள்ளி விடும் நேரத்துக்குள் வேலையை முடித்துவிடலாம் என்று இதை விரும்புகிறவர்களும் உண்டு. ஆனால் ஆண்டுக்கணக்கில் அப்படி எழ உடம்பு இடங்கொடுக்குமா என்பதை இங்கேயே சில வாரங்கள் செய்து பார்த்துவிடுவது நல்லது.

வங்கிக் கணக்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒருவர் எந்த நாட்டில் வசிப்பவர் என்பதை முடிவு செய்ய, வருமான வரிச் சட்டம் அவர் இங்கே தங்கிய நாட்களை எண்ணுகிறது. அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டமோ நோக்கத்தைப் பார்க்கிறது. காலவரையின்றித் தங்கப் புறப்பட்டவர் அந்தச் சட்டத்தின்படி வெளிநாடுவாழ் இந்தியர் ஆகிவிடுவதால், தம் சேமிப்புக் கணக்கை, வெளிநாடுவாழ் இந்தியர் இங்கே வைத்துக்கொள்ளும் ரூபாய்க் கணக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றித் தருமாறு வங்கிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

குடும்பம் முழுவதும் ஒருவருடைய வேலையை நம்பி அயல்நாட்டில் நிற்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. அந்த வேலை போனால் அனுமதியைப் புதுப்பிப்பதே கேள்விக்குறியாகும். மனைவி மக்களை அழைத்துக்கொள்வதற்கான விதிகளையும் போர்த்துகல் 2025 அக்டோபரில் கடுமையாக்கியிருக்கிறது. அவர்கள் எப்போது, எந்த அனுமதியின் பேரில் வர முடியும் என்பதை முதலிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள். குடும்ப உறுப்பினராக வசிப்பிட அட்டை பெற்றவர் அங்கே வேலைக்குப் போகலாம். எனவே இங்கே நல்ல வேலையில் இருக்கும் மனைவியோ கணவரோ அதை விட்டுவிட்டுத் துணைக்கு மட்டும் போகாமல், அங்கும் சம்பாதிக்கும் வழியைத் தொடக்கத்திலேயே தேட வேண்டும். அதற்கு மொழி வேண்டும். நிரந்தர உரிமைக்கும் ஏ2 என்ற அடிப்படை நிலைப் போர்த்துகீசியம் தெரிந்திருக்க வேண்டும் என்பதால், பெரியவர்கள் இருவரும் விசாவுக்குக் காத்திருக்கும் மாதங்களிலேயே பாடத்தைத் தொடங்கிவிடுங்கள்.