காவலிலிருந்தேன் என்றதில் உருவகம் எங்கே?

(வேதாகமக் கருத்தரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உடல்நலம் சரியில்லாத நிலையிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேராயர் அவர்களே, இறையியல் கல்லூரியின் முதல்வர் அம்மையார் அவர்களே, குருவானவர்களே, எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் அவர்களே, அருமையாகப் பாடிய பாடகர் குழுப் பிள்ளைகளே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். முதல்வர் அம்மையாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தொடங்க மனம் வரவில்லை. எபிரெயக் கவிதை பற்றி அவர்கள் நடத்திய மாலை வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டவன் நான். இன்றைக்கு நான் சொல்வதில் சரியானது எது இருந்தாலும் அது அங்கே கற்றது. இந்தக் கூட்டத்துக்காக நாற்காலி போட்டதிலிருந்து ஒலிபெருக்கி கட்டியது வரை ஓடியாடிய இளைஞர்களுக்கும் நன்றி.

வேதத்தை எழுத்தின்படி வாசிப்பதா, உருவகமாக வாசிப்பதா என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று விஷயங்களைக் குறித்துக்கொண்டு வந்தேன். நேர்ப்பொருள் என்றால் என்ன என்பது ஒன்று. நமக்கு முன்னிருந்தவர்கள் எப்படி வாசித்தார்கள் என்பது இரண்டாவது. வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் எண்களும் மிருகங்களும் மூன்றாவது. மூன்றுக்கும் முன்னால் ஒரு பழமொழி. என் கூட்டங்களுக்கு வருகிறவர்களுக்கு இது பழகியதுதான்: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

“நானே வாசல்” என்றார் இயேசு. “வெளியின் மரங்களெல்லாம் கைகொட்டும்” என்றார் ஏசாயா தீர்க்கதரிசி. இதை எல்லாம் எழுத்தின்படி எடுப்பவர் யாரும் இல்லை. ஆகவே, எழுத்தின்படியே வாசிக்கிறேன் என்று சொல்கிறவரும் ஏதோ ஓர் இடத்தில் உருவகத்தை ஏற்கத்தான் செய்கிறார். 13ஆம் நூற்றாண்டில் இறையியல் அறிஞர் தாமஸ் அக்வினாஸ் இதை எவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டார்! வேதம் கடவுளின் கரம் என்று சொன்னால், கடவுளுக்கு ஒரு கை உண்டு என்பது அதன் நேர்ப்பொருள் அல்ல. அவருடைய வல்லமைதான் அங்கே நேர்ப்பொருள். அதாவது, சொன்னவர் என்ன சொல்ல வந்தாரோ அதுதான் நேர்ப்பொருள். உருவகமாகச் சொன்னதை உருவகமாக எடுப்பதுதான் எழுத்துக்கு உண்மையாக இருப்பது.

தாவீது ராஜாவை நினைத்துப் பாருங்கள். உரியா என்ற வீரனின் மனைவியை எடுத்துக்கொண்டு, அவனைப் போரில் சாகவிட்டவன். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கிக்கொண்ட கதையை நாத்தான் தீர்க்கதரிசி அவனிடம் சொல்கிறார். தாவீது அதை நடந்த செய்தியாகவே எடுத்துக்கொண்டு, அந்த மனிதன் சாக வேண்டும் என்று கொதிக்கிறான். “நீயே அந்த மனுஷன்” என்ற பிறகுதான் அது உவமை என்று அவனுக்குப் புரிகிறது. கதையைக் கேட்டபோது கொதித்தவன், புரிந்தபோது உடைந்துபோனான். உவமை என்றால் வீரியம் குறைந்தது என்று நினைப்பவர்கள் 2 சாமுவேல் 12ஆம் அதிகாரத்தை இன்று இரவே வாசியுங்கள்.

சரி, முன்னோர்களுக்கு வருவோம். 3ஆம் நூற்றாண்டிலேயே வேத அறிஞர் ஆரிகன், ஆதியாகமத்தின் படைப்பு வரலாற்றைப் பற்றிக் கேட்டார்: சூரியனும் சந்திரனும் இல்லாமல் முதல் நாளும் இரண்டாம் நாளும் எப்படி வந்திருக்கும்? அவருக்குப் பின்வந்த பேராயர் அகஸ்டின் ஆதியாகமத்துக்கு உரை எழுதியபோது, இயற்கையைப் பற்றி அறியாமல் பேசிவிட்டு வேதத்தைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள், கேட்கிற பிறர் வேதத்தையே நம்பமாட்டார்கள் என்று எச்சரித்தார். இவர்கள் இருவரைப் பற்றியும் நிறையச் சொல்லலாம். ஆனால் என் மனம் போய் நிற்பது ஜெர்மனியின் மார்பர்க் கோட்டையில்.

1529, அக்டோபர் மாதம். ரோமன் கத்தோலிக்கச் சபையிலிருந்து புராட்டஸ்டன்ட் சபைகள் பிரிந்த சீர்திருத்தம் தொடங்கிப் பன்னிரண்டு வருடம்தான் ஆகிறது. அதற்குள் இரண்டு முகாம். ஜெர்மனியில் மார்ட்டின் லூதர், சுவிட்சர்லாந்தின் சூரிக்கில் ஸ்விங்லி. கடைசி இராப்போஜனத்தில் இயேசு அப்பத்தைப் பிட்டு “இது என் சரீரம்” என்றாரே, அது எழுத்தின்படியா, உருவகமா என்பதுதான் சண்டை. இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைக்க வேண்டும் என்று ஹெஸ்ஸே நாட்டுப் பிரபு பிலிப் தன் கோட்டைக்கு அழைக்கிறார். மேசைமேல் வெல்வெட் துணி விரித்திருக்கிறது. லூதர் வந்தார். ஒரு சுண்ணக்கட்டியை எடுத்தார். மேசைமேல் லத்தீனில் எழுதினார்: “இது என் சரீரம்.” எழுதிவிட்டுத் துணியால் மூடினார். என்ன வாதம் செய்தாலும் இந்த எழுத்தை விட்டு அசையமாட்டேன் என்பதற்கு அடையாளம்.

ஸ்விங்லி சளைத்தவரா? “மாம்சமானது ஒன்றுக்கும் உதவாது” என்ற யோவான் 6ஆம் அதிகார வசனத்தை எடுத்து வைத்தார். “நானே திராட்சச்செடி” என்றவர்தானே “இது என் சரீரம்” என்றும் சொன்னார்? இங்கே ‘இருக்கிறது’ என்றால் ‘குறிக்கிறது’ என்று பொருள் என்றார். ஆதாரம் காட்டுங்கள் என்று எதிர்த்தரப்பு கேட்டபோது லூதர் துணியைத் தூக்கி அந்த எழுத்தைக் காட்டினார். அவ்வளவுதான் அவர் காட்டிய ஆதாரம். அப்புறம் பதினைந்து கொள்கைகளை எழுதினார்கள். பதினான்கில் முழு உடன்பாடு. பதினைந்தாவதிலும் பெரும்பகுதி ஒத்துப்போனது. மிஞ்சியது அந்த ஒரு சொல். ஸ்விங்லி கண்ணீரோடு நட்புக் கேட்டார். லூதர் அவரைச் சகோதரர் என்று ஏற்க மறுத்துவிட்டார். இரண்டே வருடத்தில், 1531இல், கப்பெல் போர்க்களத்தில் ஸ்விங்லி இறந்துபோனார். அவர்கள் மறுபடி சந்திக்கவே இல்லை.

அவர்கள் மல்லுக்கட்டிய ‘இருக்கிறது’ என்ற வினைச்சொல் நம் தமிழில் அந்த வாக்கியத்துக்குத் தேவையே இல்லை. “இது என் சரீரம்” என்றாலே வாக்கியம் முழுமையாகிவிடுகிறது. இயேசு பேசிய அரமேய மொழியிலும் அப்படிச் சொல்லலாம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் துக்கமாக இருக்கும். இரண்டு பேரும் வேதத்தை உயிராக மதித்தவர்கள். இயேசுவின் மேசைக்கு அப்பம் வந்தது பிட்டுக் கொடுப்பதற்காக. அவர்களுக்கு நடுவில் சுண்ணக்கட்டி எழுத்துதான் மிஞ்சியது. ஏட்டுச் சுரைக்காய் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

இப்போது நம்மைப் பற்றிப் பேசுகிறேன், பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எந்த வசனம் எழுத்தின்படி, எந்த வசனம் உருவகம் என்று நாம் எப்படிப் பிரிக்கிறோம்? நான் பார்த்தவரை, அடுத்தவரைக் கட்டுப்படுத்துகிற வசனம் எழுத்தின்படி ஆகிவிடுகிறது. நமக்குச் செலவு வைக்கிற வசனம் உருவகம் ஆகிவிடுகிறது. ஊசியின் காதில் ஒட்டகம் நுழைவதைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருப்பீர்கள்! எருசலேமில் அந்தப் பெயரில் ஒரு சின்ன வாசல் இருந்தது, ஒட்டகம் மண்டியிட்டால் நுழைந்துவிடும் என்பார்கள். அப்படி ஒரு வாசல் இருந்ததற்குப் பழங்காலச் சான்று எதுவும் கிடையாது. பணக்காரன் மூச்சுவிட வேண்டும் என்பதற்காக யாரோ திறந்துவிட்ட வாசல் அது.

மத்தேயு 25 அப்படித் தப்பிக்க இடம் தராது. “காவலிலிருந்தேன், என்னைப் பார்க்கவந்தீர்கள்” என்கிறார் இயேசு. காவல் என்றால் சிறை. பாவம் என்ற சிறை, மனம் என்ற சிறை என்று இதையும் உருவகமாக்கிப் பேசக் கேட்டிருக்கிறேன். நானே பேசியிருக்கிறேன். பிறகு ஒரு நாள் நிஜச் சிறைக்குப் போனேன்.

பார்வையாளர் அறையில் எனக்கு எதிரே ஒருவர் உட்கார்ந்தார். முப்பது வயதுகூட இருக்காது. பேச்சு முழுக்க அவருடைய இடது உள்ளங்கை வலது கையை மூடியே இருந்தது. நான் கொண்டுபோன புதிய ஏற்பாட்டை இடது கையால்தான் வாங்கிக்கொண்டார். அடுத்த முறை போனபோது மலைப்பிரசங்கப் பக்கத்தின் ஓரம் மடித்திருந்தது. மெதுவாகக் கேட்டார்: “ஐயா, ‘உன் வலது கை உனக்கு இடறலுண்டாக்கினால், அதைத் தறித்து எறிந்துபோடு’ன்னு இருக்கே. இந்தக் கைதான் செஞ்சது. நான் வெட்டிக்கணுமா?”

நாம் இங்கே மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து கேட்கிற கேள்வியை அவர் தன் கையை வைத்துக் கேட்டார். வேண்டாம், தம்பி என்றேன். பாவத்தோடு எந்த ஒப்பந்தமும் கூடாது என்பதை இயேசு அவ்வளவு கடுமையாகச் சொல்கிறார். கையை வெட்டினாலும் மனது மாறாவிட்டால் பயனில்லை என்பது அவருக்குத் தெரியாதா என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தார். அந்த வசனத்தை உருவகம் என்று அவருக்கு எடுத்துச் சொல்ல யாராவது ஒருவர், ‘காவலிலிருந்தேன்’ என்ற வசனத்தை எழுத்தின்படி எடுத்துக்கொண்டு அங்கே போயிருக்க வேண்டுமே! அவர் இருந்த பிரிவில் பல மாதங்களாக யாரும் பார்க்க வராதவர்கள் வேறு சிலரும் இருந்தார்கள்.

அதனால்தான் எந்த மேடை கிடைத்தாலும் இதையே கேட்கிறேன். ஒவ்வொரு சபையிலிருந்தும் இரண்டு பேர், மாதத்துக்கு ஒரு தடவை, சிறைக்குப் போய்ப் பார்த்து வர வேண்டும். பிரசங்கம் செய்யத் தெரிய வேண்டாம், கிரேக்கம் தெரிய வேண்டாம். கேட்கத் தெரிந்தால் போதும். பேராயர் அவர்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் பெரிய உதவியாக இருக்கும். முதல்வர் அம்மையார் மாணவர்களின் களப்பணியில் இதைச் சேர்க்க வேண்டும் என்று சபையின் முன்னிலையில் கேட்டுக்கொள்கிறேன்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வெளிப்படுத்தின விசேஷத்தை இன்னொரு கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். வாசல் பக்கத்து மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. உங்கள் பெயர், சபையின் பெயர், எந்தக் கிழமை வர முடியும், இந்த மூன்றையும் எழுதுங்கள். முதல் பக்கத்தில் நான்கு பேர் ஏற்கெனவே எழுதியிருக்கிறார்கள். பேனாவை நோட்டோடு நூலில் கட்டி வைத்திருக்கிறேன்.